ஹாஸ்கல் நிரலை சி மொழிக்கு மாற்றும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

"தற்சுழற்சியை எடுத்துவிட்டு மடக்கு போடு. மேப் இருந்த இடத்தில் ஃபார் போடு. அவ்வளவுதான்." ஃபங்ஷனல் மொழியில் எழுதிய நிரலை சி, பைத்தான் போன்ற மொழிகளுக்கு மாற்றுவது பற்றிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். (மடக்கு என்றால் ஃபார், வைல் போன்ற லூப். மேப் என்றால் பட்டியலின் ஒவ்வொரு உறுப்பின் மீதும் ஒரே ஃபங்ஷனை ஓட்டுவது. தற்சுழற்சிக்குப் பிறகு வருவோம்.) பத்து வரிப் பயிற்சிக் கணக்குக்கு இது சரிப்பட்டு வரும். அதைத் தாண்டினால் விடை தவறும், அல்லது நிரல் பாதியில் விழும். இரண்டையும்விட மோசமானது, சில உள்ளீடுகளுக்கு மட்டும் தவறான விடை வருவது.

"ஃபங்ஷனல் என்றால் ஃபங்ஷன் எழுதுவது, சி மொழியிலும் ஃபங்ஷன் இருக்கிறதே, பிறகென்ன வித்தியாசம்?" என்ற குழப்பமும் உண்டு. வித்தியாசம் ஃபங்ஷனில் இல்லை, மாறியில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவோம்.

இங்கே மூலமொழி ஹாஸ்கல் என்ற ஃபங்ஷனல் மொழி, அதன் முதல் வரையறை 1990இல் வந்தது. இலக்கு மொழி சி. இடையிடையே பைத்தான் வரும். ஹாஸ்கல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு மொழியில் நாலைந்து மடக்குகள் எழுதியிருந்தால் போதும். நிரல் துண்டுகளைத் தமிழ்ச் சொற்களிலேயே தருகிறோம்.

## நோட்டும் சிலேட்டும்

மளிகைக் கடையில் ஒரு வீட்டின் மாதக் கணக்கு. அதை இரண்டு விதமாக வைக்கலாம்.

ஒன்று, சிலேட்டு. அதில் 340 என்று இருக்கிறது. இன்று 120 ரூபாய்க்குச் சாமான் போயிருக்கிறது. 340ஐ அழித்துவிட்டு 460 என்று எழுதுகிறார் கடைக்காரர். சிலேட்டில் எப்போதும் ஒரே ஒரு எண்தான்.

இன்னொன்று, மையால் எழுதும் நோட்டு. 340 என்ற வரி அப்படியே இருக்கும். அதன் கீழே "மேல்வரி + 120 = 460" என்று புதிய வரி சேரும். எதையும் அடிப்பதில்லை.

சி மொழி சிலேட்டு முறை. மாறி என்பது ஒரு பெட்டி, உள்ளே இருப்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று கட்டளை இடுவதால் இவற்றை இம்பரேட்டிவ் மொழிகள் என்கிறோம். ஹாஸ்கல் நோட்டு முறை. "இருப்பு = 340" என்றால் பெட்டியில் போடுவதல்ல, கணக்குப் பாடத்தில் "அ = 5 என்க" என்பது போன்ற கூற்று. அந்தப் பெயருக்கு அந்த மதிப்பு கடைசிவரை மாறாது. இந்தக் கட்டுப்பாட்டோடு, ஃபங்ஷன்களைச் சேர்த்துக் கோத்தே முழு நிரலையும் கட்டுவதுதான் ஃபங்ஷனல் நிரலாக்கம்.

(எக்செல் கட்டத்தில் சூத்திரம் எழுதும் எவரும் நோட்டு முறையில்தான் எழுதுகிறார். எந்தக் கட்டத்தை முதலில் கணக்கிடுவது என்று அவர் சொல்வதில்லை, எக்செல் பார்த்துக்கொள்கிறது.)

நோட்டில் எந்த வரியை எப்போது படித்தாலும் அது உண்மை. சிலேட்டில் இருக்கும் எண், நீங்கள் எப்போது பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே நோட்டிலிருந்து சிலேட்டுக்கு வரும்போது ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்:

1. பழைய மதிப்பு இனி யாருக்காவது தேவையா? தேவையில்லை என்றால்தான் அழிக்கலாம்.
2. எது முதலில், எது பிறகு? நோட்டு இதைச் சொல்லவே இல்லை. நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மொழிமாற்றத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளில் அடங்கும். மாற்றவே முடியாத நிரல் என்று ஒன்று கிடையாது. கணிதவியலாளர் அலோன்சோ சர்ச்சின் லாம்டா கணிதம் ஃபங்ஷனல் மொழிகளின் வேர், ஆலன் டூரிங்கின் எந்திரம் கட்டளை மொழிகளின் முன்மாதிரி. ஒன்றில் கணிக்க முடிந்ததெல்லாம் இன்னொன்றிலும் முடியும் என்பது 1930களிலேயே நிரூபணமாகிவிட்டது. மாற்றுவதற்கு என்ன விலை என்பதுதான் கேள்வி.

## தற்சுழற்சி: காத்திருக்கும் வேலைகள்

ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே அழைப்பது தற்சுழற்சி. பட்டியலில் உள்ள எண்களைக் கூட்டும் ஹாஸ்கல் நிரல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

    கூட்டு [] = 0
    கூட்டு (தலை : வால்) = தலை + கூட்டு வால்

காலிப் பட்டியலின் கூட்டுத்தொகை 0. மற்றபடி, முதல் எண்ணோடு மிச்சப் பட்டியலின் கூட்டுத்தொகையைச் சேர். [5, 8, 2] கொடுத்தால் 5 + (8 + (2 + 0)) என்று விரியும்.

ஐந்தைக் கூட்டும் வேலை உடனே நடக்காது. வாலின் விடை வரும்வரை அது காத்திருக்க வேண்டும். எட்டும் அப்படித்தான். காத்திருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் நினைவகத்தில் ஒரு குறிப்பு வேண்டும்: எந்த எண், விடை வந்ததும் எங்கே திரும்புவது. இந்தக் குறிப்புக்கு சட்டம் (ஃபிரேம்) என்று பெயர். சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் இடம் அடுக்கு (ஸ்டாக்). சமையலறையில் எவர்சில்வர் தட்டுகளை அடுக்குவது போல, கடைசியாக வைத்ததுதான் முதலில் வெளியே வரும்.

அடுக்குக்கு அளவு உண்டு. லினக்ஸில் வழக்கமான வரம்பு 8 எம்பி. விண்டோஸில் முதன்மை இழைக்கு (த்ரெட்) 1 எம்பி. பைத்தான் இன்னும் கறார்: 1000 அழைப்புகளின் ஆழத்தைத் தாண்டினால் பிழை காட்டி நிறுத்திவிடும். ஹாஸ்கலின் முக்கியக் கம்பைலரான ஜிஎச்சியோ அடுக்கை வளரவிடுகிறது, இயல்பான வரம்பு கணினியின் நினைவகத்தில் 80 சதவீதம்.

மேலே உள்ள ஃபங்ஷனை வரிக்கு வரி சி மொழியில் எழுதி, 10 லட்சம் எண்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு சட்டம் 48 பைட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4.8 கோடி பைட். 8 எம்பிக்குள் அது எப்படி அடங்கும்? நிரல் விழும். ஹாஸ்கலில் ஓடிய அதே தர்க்கம்தான், தவறு தர்க்கத்தில் இல்லை. ஜிசிசி கம்பைலரில் உகப்பாக்கத்தை, அதாவது நிரலை வேகமாக்கக் கம்பைலரே செய்யும் திருத்தங்களை, போட்டால் சில சமயம் அதுவே மடக்காக மாற்றிக் காப்பாற்றிவிடும். ஆனால் சி மொழியின் வரையறை அதற்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. சோதனையில் ஓடி, உகப்பாக்கம் இல்லாத பதிப்பில் விழுவது இதனால்தான்.

## திரட்டி வைத்தால் மடக்கு தானாக வரும்

மாற்றத்தின் முதல் படியை ஹாஸ்கலிலேயே செய்யலாம். இதுவரை சேர்ந்த விடையைக் கையோடு கொண்டுபோக ஒரு கூடுதல் உள்ளீடு சேர்க்கிறோம். அதற்குத் திரட்டி என்று பெயர்.

    கூட்டு பட்டியல் = நட பட்டியல் 0
    நட [] இதுவரை = இதுவரை
    நட (தலை : வால்) இதுவரை = நட வால் (இதுவரை + தலை)

கடைசி வரியைப் பாருங்கள். "நட" தன்னை அழைத்தபின் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை. இப்படி ஒரு ஃபங்ஷனின் கடைசி வேலையாக அமையும் அழைப்பு, வால் அழைப்பு. இப்போது முதல் கேள்வியைக் கேளுங்கள்: பழைய சட்டம் இனி யாருக்காவது தேவையா? இல்லை. அதன்மேலேயே எழுதிவிடலாம். அப்படி எழுதுவதற்குப் பெயர்தான் மடக்கு:

    இதுவரை ← 0
    பட்டியல் காலியாகாத வரை:
        இதுவரை ← இதுவரை + பட்டியலின் தலை
        பட்டியல் ← பட்டியலின் வால்
    இதுவரை-ஐத் திருப்பு

உள்ளீடுகள் மாறிகளாகின்றன. வால் அழைப்பு, மாறிகளுக்குப் புது மதிப்பு போட்டுவிட்டு மேலே போவதாக மாறுகிறது. "காலிப் பட்டியல்" என்ற நிபந்தனை மடக்கிலிருந்து வெளியேறும் வாசல். இது மனிதர் யோசிக்கத் தேவையில்லாத அளவுக்கு இயந்திரத்தனமானது. எல்ம் மொழியின் கம்பைலர் தன்னையே அழைக்கும் வால் அழைப்பை ஜாவாஸ்கிரிப்ட் மடக்காக மாற்றுவதும் இப்படித்தான்.

இதுவரை பார்த்தது: தற்சுழற்சி அடுக்கைத் தின்பது, வேலைகள் காத்திருப்பதால். காத்திருப்பை நீக்கினால் அது வால் அழைப்பு. வால் அழைப்பு என்றால் மடக்கு.

## இயந்திரத்தனமாக மாற்றினால் எங்கே சறுக்கும்

ஒரே நேரத்தில் மாறுபவை. இரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் காணும் யூக்ளிடின் முறை:

    பொகா அ 0 = அ
    பொகா அ ஆ = பொகா ஆ (அ மீதி ஆ)

வால் அழைப்புதானே என்று பலர் இப்படி மாற்றுவார்கள்:

    ஆ = 0 ஆகாத வரை:
        அ ← ஆ
        ஆ ← அ மீதி ஆ

48, 18 கொடுங்கள். சரியான விடை 6. இந்த மடக்கு தருவது 18. முதல் வரியிலேயே 48 அழிந்துவிட்டது. இரண்டாம் வரியில் 18ஐ 18ஆல் வகுத்து மீதி 0 என்று முடிந்துவிட்டது. ஹாஸ்கலில் இரண்டு புது மதிப்புகளும் பழைய மதிப்புகளிலிருந்தே கணிக்கப்பட்டன. சிலேட்டில் ஒன்றை அழித்தபிறகு இன்னொன்று அதைத் தேடுகிறது. தீர்வு எளிது: முதலில் மீதியை ஒரு தற்காலிக மாறியில் எடுத்து வைத்துவிட்டு மற்ற இரண்டையும் மாற்றுங்கள். இந்த வகைப் பிழை மிக எளிதாக நுழையும், கண்ணால் பார்த்துப் பிடிப்பது கடினம். 12, 6 கொடுத்துச் சோதித்திருந்தால் 6 என்ற சரியான விடையே வந்திருக்கும்!

கூட்டும் வரிசை. திரட்டிக்கு மாறியபோது நாம் கவனிக்காமல் இன்னொன்றையும் மாற்றிவிட்டோம். முதல் நிரல் வலமிருந்து கூட்டியது, இரண்டாவது இடமிருந்து கூட்டுகிறது. முழு எண்களுக்கு வித்தியாசம் இல்லை. தசம எண்களுக்கு உண்டு. 0.1 + (0.2 + 0.3) என்றால் 0.6 வரும். (0.1 + 0.2) + 0.3 என்றால் 0.6000000000000001 வரும். மிதவைப் புள்ளி எண்கள் ஒவ்வொரு கூட்டலிலும் தோராயமாக்கப்படுவதே காரணம். பழைய நிரலின் விடையோடு "சமமா?" என்று நேரடியாக ஒப்பிடும் சோதனை இங்கே தோற்கும், நிரலில் பிழை இல்லாமலேயே.

தலைகீழாகும் பட்டியல். விடை ஒரு எண்ணாக இல்லாமல் பட்டியலாக இருந்தால், திரட்டியின் முன்பக்கம் ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது வரிசை தலைகீழாகிவிடும். ஹாஸ்கலில் கடைசியில் ஒருமுறை திருப்பிப் போடுவார்கள். அதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் பின்பக்கம் ஒட்டினால், ஒவ்வொரு ஒட்டலும் முழுப் பட்டியலை நடந்து தீர்க்க வேண்டும். 10,000 உறுப்புகளுக்குச் சுமார் 5 கோடி அடிகள். சி மொழியில் பட்டியலுக்குப் பதில் வரிசையணி (அர்ரே) வைத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய எண்ணிட்ட இடத்தில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. மூலத்தில் உள்ள "கடைசியில் திருப்பு" என்ற வரியை மறந்தாற்போல் அப்படியே கொண்டுவந்துவிடாதீர்கள்.

இரண்டு கிளைகள். ஒரு மரத்தின் எல்லா எண்களையும் கூட்ட, இடக்கிளை + வலக்கிளை + தன் மதிப்பு. இங்கே இரண்டு அழைப்புகள். இரண்டும் கடைசியாக இருக்க முடியாது. ஒன்று காத்திருந்தே ஆக வேண்டும். ஆகவே வெறும் மடக்கு போதாது, அடுக்கை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்: வேரை அடுக்கில் வை; அடுக்கு காலியாகும் வரை மேலே இருப்பதை எடு, மதிப்பைக் கூட்டு, அதன் வலக்கிளையையும் பிறகு இடக்கிளையையும் அடுக்கில் வை. வலது முதலில் ஏறுவதால் இடது முதலில் இறங்கும். கூட்டலுக்கு அது பொருட்டில்லை, அச்சிடுவதாக இருந்தால் பொருட்டு. இந்த அடுக்கு பொது நினைவகத்தில் (ஹீப்) இருப்பதால் 8 எம்பி வரம்பு இதைத் தொடாது. மரம் ஆழமில்லாதது என்று உறுதியாகத் தெரிந்தால் சி மொழியிலும் தற்சுழற்சியை அப்படியே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். 20 நிலை மரத்துக்கு அடுக்கு கட்டுவது வீண் வேலை.

ஃபிபொனாச்சி பற்றி ஒரு வார்த்தை. நேரடி வரையறையை அப்படியே ஓட்டினால் 40ஆம் எண்ணுக்கு மட்டும் 33,11,60,281 அழைப்புகள். ஹாஸ்கல் தானாகவே பழைய விடைகளை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஃபங்ஷன் அழைப்புகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. வழிமுறை மெதுவென்றால் எந்த மொழியில் எழுதினாலும் மெதுதான்.

## பையோடு பயணிக்கும் ஃபங்ஷன்

ஃபங்ஷனல் மொழியில் ஒரு ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனை விடையாகத் தரலாம்.

    வரிபோடு விகிதம் = (விலை → விலை + விலை × விகிதம் / 100)
    பதினெட்டு = வரிபோடு 18
    ஐந்து = வரிபோடு 5

"பதினெட்டு" என்பது இப்போது ஒரு ஃபங்ஷன். 200 கொடுத்தால் 236 தரும். அது வேலை செய்ய 18 என்ற எண் வேண்டும். ஆனால் "வரிபோடு" எப்போதோ முடிந்துவிட்டதே? சி மொழியில் ஒரு ஃபங்ஷன் முடிந்ததும் அதன் சட்டம் போய்விடும், உள்ளே இருந்த மாறிகளும் போய்விடும். சி-யின் ஃபங்ஷன் பாயிண்டர் நிரல் எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் வைத்திருக்கும். 18ஐ வைக்க அதில் இடமில்லை.

ஹாஸ்கல் செய்வது: நிரலின் முகவரியோடு, அதற்குத் தேவையான வெளிமதிப்புகளை ஒரு பையில் போட்டுக் கட்டித் தருகிறது. முகவரியும் பையும் சேர்ந்தது குளோஷர். வயரிங் வேலைக்கு வருபவர் கருவிப் பையோடு வருவது போல. பையில்லாமல் வந்தால் ஆள் இருப்பார், வேலை நடக்காது.

சி மொழிக்கு மாற்றும்போது இந்தப் பையை நீங்களே தைக்க வேண்டும். "விகிதம்" என்ற ஒரு புலம் கொண்ட ஸ்ட்ரக்ட், அதாவது மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் பதிவு. பையையும் விலையையும் இரு உள்ளீடுகளாக வாங்கும் சாதாரண ஃபங்ஷன். எங்கெல்லாம் குளோஷர் போனதோ அங்கெல்லாம் இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். யாராவது பையை வாங்க மறுத்தால் சிக்கல். சி-யின் நிலையான வரிசையாக்க ஃபங்ஷனான கியூசார்ட் அப்படித்தான்: ஒப்பிடும் ஃபங்ஷனுக்கு இரண்டு உறுப்புகளை மட்டுமே தரும், பைக்கு இடம் கிடையாது. "இந்த ஊரிலிருந்து எவ்வளவு தூரம்" என்று வரிசைப்படுத்த வேண்டுமானால் அந்த ஊரைப் பொது மாறியில் வைக்க வேண்டியதாகிவிடும். பை வாங்கும் கியூசார்ட்-ஆர் உண்டு. ஆனால் லினக்ஸில் அதன் உள்ளீடுகளின் வரிசை வேறு, மேக்கில் வேறு.

அடுத்து, பை எங்கே இருக்கும்? அடுக்கில் வைத்துவிட்டு அதன் முகவரியைத் திருப்பித் தந்தால், ஃபங்ஷன் முடிந்தவுடன் அது இடிந்த வீட்டின் முகவரி. பொது நினைவகத்தில் வைத்தால் அதை யார், எப்போது விடுவிப்பது? ஹாஸ்கலில் குப்பை சேகரிப்பி, அதாவது யாரும் தொடாத நினைவகத்தைத் தானே மீட்கும் பகுதி, இந்தக் கவலையைப் பார்த்துக்கொண்டது. இப்போது ஒவ்வொரு பைக்கும் ஒரு உரிமையாளரைப் பெயரிட்டு எழுதி வைக்க வேண்டும். மீண்டும் அதே முதல் கேள்விதான்.

பைத்தானில் குளோஷர் உண்டு, குப்பை சேகரிப்பும் உண்டு. அங்கே பொறி வேறு. 0, 1, 2 என்று சுற்றும் மடக்குக்குள், தன் எண்ணைத் திருப்பித் தரும் மூன்று ஃபங்ஷன்களை உருவாக்கி, மடக்கு முடிந்தபின் அழையுங்கள். 0, 1, 2 வராது. 2, 2, 2 வரும். பைத்தான் பையில் வைத்தது மதிப்பை அல்ல, பெட்டியை. மூன்று பைகளிலும் ஒரே பெட்டி. தற்சுழற்சியில் ஒவ்வொரு அழைப்புக்கும் புதுப் பெயர், புது மதிப்பு. அதை மடக்காக்கியதும் எல்லாச் சுற்றுக்கும் ஒரே மாறி. எனவே மடக்காக்கப் போகும் தற்சுழற்சிக்குள் குளோஷர் பிறக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறந்தால், அதை உருவாக்கும் வரியைத் தனி ஃபங்ஷனாக எடுத்து, மதிப்பை உள்ளீடாகக் கொடுங்கள்.

நிரலில் உள்ள குளோஷர்கள் எல்லாம் முன்பே தெரிந்த நாலைந்து வகைதான் என்றால் எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி எண் கொடுத்து, குறியைப் பார்த்து உரிய வேலையைச் செய்யும் ஒரே ஃபங்ஷனை எழுதுங்கள். கணினி அறிஞர் ஜான் ரெனால்ட்ஸ் 1972இல் விவரித்த இந்த முறை இன்றும் கம்பைலர் எழுதுவோருக்கு அன்றாடக் கருவி.

சுருக்கமாக: குளோஷர் என்பது நிரல் + பை. சி-யில் பையைத் தைப்பதும், விடுவிப்பதும் உங்கள் பொறுப்பு. பையில் போவது மதிப்பா பெட்டியா என்பதை மொழிக்கு மொழி சரிபாருங்கள்.

## சோம்பல் ஒரு அம்சம்

ஹாஸ்கல் ஒரு கோவையைப் பார்த்தவுடன் கணிப்பதில்லை. "தேவைப்படும்போது இதைக் கணி" என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிடும். அந்தச் சீட்டின் பெயர் தங்க். யாராவது விடையைக் கேட்டால் கணித்து, சீட்டின் மேலேயே விடையை எழுதிவிடும். அடுத்தமுறை கேட்டால் மறுபடி கணிக்காது. (ஆம், நோட்டு முறைக்கு அடியில் ஒரு சிலேட்டு ஒளிந்திருக்கிறது. விடை மாறாது என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.) இதுவே சோம்பல் கணிப்பு.

சி, பைத்தான் இரண்டும் அவசரக்காரர்கள். ஃபங்ஷனை அழைக்கும் முன்பே எல்லா உள்ளீடுகளையும் கணித்துவிடுவார்கள். "தேர்வு" என்பது நிபந்தனை மெய்யானால் அடுத்த உள்ளீட்டையும், பொய்யானால் கடைசி உள்ளீட்டையும் தரும் ஃபங்ஷன் என்க. "தேர்வு நிபந்தனை (அ வகுத்தல் ஆ) 0" என்ற ஹாஸ்கல் அழைப்பில், ஆ பூச்சியமாக இருந்து நிபந்தனை பொய்யானால் வகுத்தல் நடக்கவே நடக்காது. சி-யில் அதே அழைப்பு பூச்சியத்தால் வகுத்து நிரலைச் சாகடிக்கலாம். அந்தக் கணிப்பை நிபந்தனையின் கிளைக்குள் நகர்த்தினால் சரி.

முடிவிலாப் பட்டியல் இன்னொரு விஷயம். "எல்லா இரட்டை எண்களிலிருந்தும் முதல் 10" என்று ஹாஸ்கலில் கூச்சமின்றி எழுதலாம். சி-யில், இப்போது எங்கே நிற்கிறோம் என்ற நிலையை ஒரு ஸ்ட்ரக்டில் வைத்து, "அடுத்தது" என்ற ஃபங்ஷனை எழுதுங்கள். பைத்தானில் ஜெனரேட்டர் இதற்கென்றே இருக்கிறது. ஆனால் ஜெனரேட்டரை ஹாஸ்கல் பட்டியல் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை படித்தால் தீர்ந்துவிடும். சராசரி காண முதலில் கூட்டுத்தொகை, பிறகு எண்ணிக்கை என்று ஒரே ஜெனரேட்டரை இருமுறை படித்தால், இரண்டாம் முறை அது காலி. எண்ணிக்கை 0. பூச்சியத்தால் வகுத்த பிழை வரும்.

நல்ல செய்தியும் உண்டு. ஹாஸ்கலில் திரட்டிக்குள் கூட்டப்படாத சீட்டுகளே லட்சக்கணக்கில் சேர்ந்து நினைவகத்தை நிரப்பும் தொல்லை புகழ்பெற்றது. சி-யில் திரட்டி ஒரு எண். அந்தத் தொல்லை போயே போய்விடும். உண்மையில் ஹாஸ்கல் நிரலின் பெரும்பகுதி சோம்பலை நம்பி எழுதப்படுவதில்லை, மொழியின் பழக்கத்தால் சோம்பலாக இருக்கிறது. எங்கே அதை நம்பியிருக்கிறது என்று தேடிக் குறித்துக்கொண்டு, அங்கே மட்டும் சீட்டு முறையைக் கட்டினால் போதும்.

## ஒரே பட்டியலில் இரண்டு பேர்

அ = [2, 3, 4] என்றும் ஆ = 1 : அ என்றும் எழுதினால், ஹாஸ்கல் மூன்று உறுப்புகளை நகலெடுப்பதில்லை. 1 என்ற புதுக் கண்ணியை பழைய சங்கிலியின் முன் மாட்டுகிறது, அவ்வளவே. யாரும் எதையும் மாற்ற முடியாததால் பகிர்வதில் ஆபத்தில்லை. சி-யில் அதே சங்கிலியைக் கட்டி, அ-வின் முதல் உறுப்பை 9 ஆக்கினால் ஆ-வும் [1, 9, 3, 4] ஆகிவிடும். "ஊழியரின் வயதை 41 ஆக்கிய புதிய பதிவு" என்ற ஹாஸ்கல் வரியை, இருக்கும் பதிவிலேயே 41 எழுதும் சி வரியாக மாற்றுபவர்கள், பழைய பதிவோடு ஒப்பிடும் இன்னொரு பகுதி எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. செய்ததை மீட்கும் வசதி உள்ள நிரல்கள் இங்கேதான் முதலில் உடையும். சந்தேகம் இருந்தால் நகலெடுங்கள். விடை சரியாக வந்தபின், நகல் தேவையில்லாத இடங்களை ஒவ்வொன்றாக நீக்கலாம்.

வரிசைப்படுத்தலை வரிக்கு வரி மாற்றவே வேண்டாம். ஹாஸ்கலில் இரண்டு வரியில் காட்டப்படும் குயிக்சார்ட் ஒவ்வொரு நிலையிலும் புதுப் பட்டியல்களை உருவாக்குகிறது. டோனி ஹோரின் மூல வழிமுறை இருந்த இடத்திலேயே மாற்றி வைப்பது. இலக்கு மொழியின் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: ஹாஸ்கல் நூலகத்தின் வரிசையாக்கம் சம மதிப்புள்ளவற்றின் முன்பின் வரிசையைக் காக்கும். சி-யின் கியூசார்ட் அந்த உறுதி தருவதில்லை. ஒரே மதிப்பெண் பெற்ற மாணவர்கள் இடம் மாறி நின்றால் காரணம் இதுதான்.

## எண்களும் இதர சில்லறையும்

ஹாஸ்கலின் இன்டிஜர் என்ற முழு எண் வகை எவ்வளவு பெரிய எண்ணையும் தாங்கும். சி-யின் 64 பிட் முழு எண்ணில் 20இன் தொடர்பெருக்கமான 2432902008176640000 அடங்கும். 21இன் தொடர்பெருக்கம் அடங்காது. குறியுள்ள எண் (எதிர்ம மதிப்பையும் ஏற்பது) நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்று சி வரையறுக்கவே இல்லை, எனவே பிழைச் செய்தியை எதிர்பார்க்காதீர்கள்.

மீதி காண்பதில் இன்னொரு பள்ளம். -7ஐ 3ஆல் வகுத்த மீதி ஹாஸ்கலின் மாட் முறையில் 2, பைத்தானிலும் 2. சி-யில் -1. ஹாஸ்கலின் ரெம் முறைதான் சி-யோடு ஒத்துப்போகும். நாட்காட்டிக் கணக்குகளில் இது கிழமையையே மாற்றிவிடும்.

சி-யில் ஒரு அழைப்பின் உள்ளீடுகள் எந்த வரிசையில் கணிக்கப்படும் என்பதும் உறுதியில்லை. இரண்டு உள்ளீடுகளும் கோப்பிலிருந்து ஒவ்வொரு வரி படிப்பவை என்றால், முன்கூட்டியே தனித்தனி மாறியில் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"மதிப்பு இருக்கிறது அல்லது இல்லை", "வட்டம் அல்லது செவ்வகம்" போன்ற ஹாஸ்கல் வகைகளை, குறி எண்ணும் யூனியனும் (பல வகை மதிப்புகளில் ஒன்றை ஒரே இடத்தில் வைக்கும் அமைப்பு) கொண்ட ஸ்ட்ரக்டாக வைத்து, ஸ்விட்ச் போட்டுப் பிரிக்கலாம். குறியை எண்ணாக வைக்காமல், பெயரிட்ட மதிப்புகளின் பட்டியலான ஈனம் (enum) வகையாக வைத்தால், விடுபட்ட கிளையைக் கம்பைலர் எச்சரிக்கும். ஸ்விட்சில் டிஃபால்ட் கிளை போட்டுவிட்டால் அந்த எச்சரிக்கை கிடைக்காது.

## வேலையைத் தொடங்கும் வரிசை

நேரே சி கோப்பைத் திறக்காதீர்கள். முதலில் ஹாஸ்கல் நிரலையே சி போலத் தோற்றமளிக்கும்வரை திருத்துங்கள். தற்சுழற்சிகளுக்குத் திரட்டி சேருங்கள். உள்ளுக்குள் புதைந்த ஃபங்ஷன்களை வெளியே எடுத்து, அவை நம்பியிருந்த மதிப்புகளை வெளிப்படையான உள்ளீடுகளாக்குங்கள். சோம்பல் தேவையில்லாத இடங்களில் உடனடிக் கணிப்பைக் கட்டாயமாக்குங்கள். இன்டிஜருக்குப் பதில் 64 பிட் எண் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பழைய சோதனைகளை ஓட்டலாம், ஏனென்றால் மொழி இன்னும் மாறவில்லை. இதன் பிறகு சி-யில் எழுதுவது பெரும்பாலும் எழுத்து வேலை.

மூல நிரலைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே உள்ளீட்டை இரண்டுக்கும் கொடுத்து விடைகளை ஒப்பிடுங்கள். ஹாஸ்கலில் குயிக்செக் என்ற நூலகம் ஏதேச்சையான உள்ளீடுகளை நூற்றுக்கணக்கில் உருவாக்கித் தரும். கையால் சேர்க்க வேண்டியவை: காலிப் பட்டியல், ஒரே உறுப்பு, எதிர்ம எண்கள், சம மதிப்புகள், 10 லட்சம் உறுப்புகள். தசம எண்களுக்கு மட்டும் சிறு வேறுபாட்டை அனுமதியுங்கள்.

விடைகள் ஒத்துவந்த பிறகு சி நிரலை, நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியின் கீழ் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரு பையைக்கூட விடுவிக்காத நிரலும், விடுவித்த பையைத் திரும்பப் படிக்கும் நிரலும் பல சமயம் சரியான விடையைத்தான் அச்சிடும். எந்த வரியில் கசிவு, எந்த வரியில் இடிந்த வீட்டின் முகவரி என்று அந்தக் கருவி வரி எண்ணோடு காட்டும்.